கற்றலும் கற்பித்தலும்: பல்கலைக் கழகத்திற் பெண்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)





நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களிலே சமயம் பற்றியும் தமிழ் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சமயத்திற்குச் சற்றுப் புறம்பானது போலச் சிலருக்குத் தோன்றலாம். பல்கலைக் கழகத்திற் படித்துத் தேறி, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, ஆராய்ச்சி செய்து, படிப்படியாக மேலேற முயலும் பெண்களின் நிலை யாது என்பதே அப்பொருள். இது நம் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்வோடு ஒட்டிய காரியம். ஆதலின் இதனைச் சிந்திக்கச் சங்க மேடையிலும் தக்க இடம் வேறில்லை என்று கருதுகின்றோம்.

பிருகதாரணியக உபநிடதத்திலே சனக மன்னனின் வேள்விச் சபை ஒன்று வருகின்றது. கூடியிருந்தாருள் மிக்க அறிவுடையார் எவரென அறிய விரும்பிய மன்னன், கொம்புகளிற் பொன் கட்டிய ஆயிரம் பசுக்களைப் பரிசாக நிறுத்துகின்றான். யாஞ்ஞவல்கியர் தம் மாணவனை அழைத்துப் பசுக்களை ஓட்டிச் செல்லுமாறு பணிக்கின்றார். சபையோர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அவரை வினாவத் தொடங்குகின்றனர். அவர்களுள் ஒருத்தி கார்க்கி. அவள் வினாமேல் வினாவாக அடுக்கிச் செல்ல, எல்லை கடந்து கேளாதே, தலை வீழ்ந்துவிடும் என்று முனிவர் எச்சரிக்கின்றார். அவள் அமர்ந்து விடுகின்றாள். ஆயினும் சற்றுப் பின்னர் மீண்டும் எழுகின்றாள். தான் இரண்டு வினாக்கள் கேட்கப் போவதாகவும், அவற்றுக்கு விடை வந்துவிட்டால் யாஞ்ஞவல்கியரை வெல்வார் இச்சபையில் எவருமிலர் என்றும் அறிவிக்கின்றாள். விடை வந்ததும், அவரை வணங்கி அமைவதே நன்று என்று சபையோருக்குத் தீர்ப்புக் கூறுபவளும் அவளே.

பண்டு தொட்டே நம் பெண்கள் கற்றிருந்தனர் என்பதற்கு இவ்வரலாற்றைச் சான்றாகக் காட்டுவது நம் மேடைகளின் வழக்கம். அவ்வாறு காட்டும்போது ஒன்றை நாம் கவனியாது விட்டு விடுகின்றோம். கார்க்கி அச்சபையிற் பரீட்சகராக நின்றாள். அவள் சொல்லைச் சபை தீர்ப்பாக ஏற்றது. பெண்ணைக் கற்க விடுவது ஒரு படி. கற்றோர் சபையில் அவள் தீர்ப்பை ஏற்பது அதற்கு மேலான படி. முதற் படியை நம் நாடு பெரும்பாலும் ஏறிவிட்டது. இரண்டாம் படியிலேதான் இன்னும் கால் தடுக்குகின்றது.

கதவுகள் திறந்த வரலாறு

யாழ்ப்பாணத்திலே பெண் கல்வியின் வரலாறு நீண்டது. அமெரிக்க மிஷனரிமார் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது 1824ஆம் ஆண்டு. நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை 1848இல் நிறுவினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவியது 1913இல். நாவலர் வித்தியாசாலைக்கும் இராமநாதன் கல்லூரிக்கும் இடையே 65 ஆண்டுகள் உள்ளன. பெரியோர்கள் இந்த இடைவெளியை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே இராமநாதன் திருநெல்வேலியில் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக் கழக வளாகம் தோன்றியது. 1979இல் அது தனிப் பல்கலைக் கழகமாயிற்று.

கொழும்பிலே மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. அங்கே பெண்களுக்கு இடம் கிடைத்தது 1892இல். இலங்கைப் பல்கலைக் கழகம் 1942இல் உருவானபோது மாணவருள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே பெண்கள். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1952இற் பல்கலைக் கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தது. மகாவலிக் கரையிலே பெண்களுக்கெனத் தனி விடுதிகள் எழுந்தன. மகளை ஊர்விட்டு அனுப்பத் தயங்கிய தந்தையர்க்கு அவ்விடுதிகளே தைரியம் கொடுத்தன. காசில்லாக் கல்வி, காவலுள்ள விடுதி, தாய்மொழியிற் போதனை ஆகிய மூன்றும் சேர்ந்தபோது கிராமத்துப் பெண்ணுக்கும் வழி திறந்தது. இன்று நம் நாட்டுப் பல்கலைக் கழகங்களிலே பட்டப்படிப்புப் படிப்போருட் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள். பொறியியல் போன்ற சில துறைகளிலேதான் அவர்கள் இன்னும் குறைவு.

இத்தொகையைக் கேட்டவுடன், இனிப் பெண்களுக்கு என்ன குறை என்று வினாவுவோர் உளர். அவர்கள் விரிவுரை மண்டபத்தை மட்டும் பார்க்கின்றார்கள். பேராசிரியர்கள் கூடும் மூதவை அறையையும் எட்டிப் பார்த்தால், அங்கே கணக்கு வேறாயிருக்கக் காண்பார்கள். படிக்கும் வரிசையிற் பெண்கள் முன்னே நிற்கின்றனர். பேராசிரியர் வரிசையிலோ ஆண்களே அதிகம். நடுவிலே இவர்கள் எங்கே போனார்கள் என்பதே நமது கேள்வி.

பிறநாட்டார் பட்ட பாடு

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. மேல்நாட்டாரிலிருந்தே தொடங்குவோம்.

எமி நோதர் என்பவர் ஜேர்மனியிற் பிறந்த கணித மேதை. 1907இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் தாம் பிறந்த எர்லாங்கன் நகரத்துப் பல்கலைக் கழகத்திலே ஆண்டுக்கணக்காகச் சம்பளமின்றி உழைத்தார். 1915இல் ஹில்பேட், கிளைன் என்னும் இரு பெருங் கணித வல்லுநர் அவரைக் கொட்டிங்கன் பல்கலைக் கழகத்துக்கு அழைத்தனர். பெண்ணுக்கு விரிவுரையாளர் உரிமை கொடுக்கலாகாது என்று பேராசிரியர் பலர் தடுத்தனர். ஆதலின் விரிவுரைகள் ஹில்பேட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன, நடத்தியவர் நோதர். உரிமை கிடைத்தது 1919இல். சிறு ஊதியம் கிடைத்ததோ அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. யூதராகையால் 1933இல் அதையும் நாசிகள் பறித்தனர். அமெரிக்கா சென்று கற்பித்த அவர் 1935இல் மறைந்தார். இயற்கை விதிகளிலே சமச்சீர் உள்ள இடத்திற் காப்பு விதியும் உண்டு என்று அவர் நிறுவிய தேற்றம் இன்றும் பௌதிகத்தின் அடித்தளங்களில் ஒன்று.

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் கதை இன்னும் விந்தையானது. தொல்பொருளியல் அறிஞரான டொரதி கரட் 1939இல் அங்கே முதற் பெண் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அப்பல்கலைக் கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியதோ 1948இல். ஒன்பது ஆண்டுகள் அவர் பேராசிரியர் ஆசனத்தில் இருந்தும், பல்கலைக் கழகக் காரியங்களில் வாக்களிக்கும் உரிமை இல்லாதிருந்தார். ஆசனம் கொடுத்துவிட்டு வாயைக் கட்டிய கதை இது.

இனி நம் அயலிலே பார்ப்போம். கமலா சொகோனி பம்பாயிற் பட்டம் பெற்று, 1933இற் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அக்காலத்து அதன் இயக்குநர், நோபல் பரிசு பெற்ற சி. வி. இராமன். பெண் என்ற காரணத்தால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. கமலா விட்டுக்கொடுக்கவில்லை, நேரே சென்று நின்றார். ஓராண்டு பரீட்சார்த்தமாக வைத்திருந்து பார்ப்பதென்ற நிபந்தனையோடு சேர்க்கப்பட்டார். அவர் வேலையைக் கண்டபின் பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. 1939இற் கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆண் மாணவர் எவருக்கும் வைக்கப்படாத சோதனை ஒருத்திக்கு வைக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

தலைச்சேரியில் 1897இற் பிறந்த ஜானகி அம்மாள் சென்னையிற் படித்து, அங்கேயே பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிற் கற்பித்தவர். அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக் கழகத்தில் 1931இல் உயர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரிற் கரும்பு இனவிருத்தி ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பின்னர் இங்கிலாந்து சென்று, பயிர்ச் செடிகளின் நிறமூர்த்தங்கள் பற்றிய பெருநூலொன்றை டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் வெளியிட்டார். 1984இல் மறையும்வரை ஆராய்ச்சியை விடவில்லை. அவர் மணம் செய்துகொள்ளவில்லை, நோதரும் செய்துகொள்ளவில்லை, கரட்டும் செய்துகொள்ளவில்லை. தாமே விரும்பி ஏற்ற தனிவாழ்வைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயின், குடும்பமா கல்வியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை அக்காலத்துப் பெண்ணுக்கு எவ்வளவு எளிதில் வந்தது என்பதும், அவர்களோடு இருந்த ஆண் பேராசிரியருக்கு அக்கேள்வி எழவேயில்லை என்பதும் சிந்திக்கத் தக்கன.

ஏணியின் படிகள்

இன்று நம் நாட்டிற் சட்டம் எவரையும் தடுக்கவில்லை. பின் தடை எங்கேயுள்ளது? பல்கலைக் கழக உத்தியோகம் ஏறும் ஏணியைச் சற்று விரித்துக் கூறினால் அது விளங்கும்.

சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பெற்ற மாணவி, தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேருகின்றாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தைந்து அளவில். இப்பதவி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது, நிரந்தரமற்றது. பின் வெற்றிடம் வரும்போது போட்டியிட்டுத் தகுதிகாண் விரிவுரையாளராகின்றாள். குறித்த ஆண்டுகளுக்குள் முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ பெற்றால்தான் பதவி நிரந்தரமாகும். அதற்குப் பெரும்பாலும் கடல் கடக்க வேண்டும். கற்கை விடுமுறையிற் போவதாயின் பிணை எழுத வேண்டும். பிணைக்கு ஆட்கள் கையொப்பமிட வேண்டும். திரும்பிவந்து ஒப்பந்தப்படி பணியாற்ற வேண்டும். பின்னர் சிரேட்ட விரிவுரையாளர், அதன்மேற் பேராசிரியர். ஒவ்வொரு படிக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வேண்டும்.

இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வரையான இப்பத்து ஆண்டுகளே ஏணியின் கடினமான பகுதி. நம் சமூகம் பெண்ணுக்குக் கலியாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் விதித்திருப்பதும் அதே பத்து ஆண்டுகளில். இரண்டு வண்டிகள் ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே வருவது போன்றது இது. இதிற் பெண்ணின் குற்றம் யாது?

சாதகம் பார்க்கத் தொடங்கும் காலத்திலே மேற்படிப்புக்கு அழைப்புக் கடிதம் வருகின்றது. 'கலாநிதி முடித்து வந்தால் முப்பது தாண்டிவிடும். அதற்குமேற் படித்த மாப்பிள்ளைக்கு எங்கே போவது?' என்று தாய் கலங்குகின்றாள். மகளைவிட மாப்பிள்ளை ஒருபடி கூடப் படித்திருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆதலின் மகள் ஏற ஏற மணமகன் தொகை குறைகின்றது. குறையக் குறையச் சீதனம் ஏறுகின்றது. படித்த பெண் குடும்பத்திற்குச் சொத்து என்று மேடையிற் பேசுகின்றோம். கலியாணப் பேச்சிலே அப்படிப்பையே குறையாக எண்ணிப் பேரம் பேசுகின்றோம். இந்த இரட்டை நாக்கை நாம் விட வேண்டும்.

மணமானபின் இன்னொரு கணக்கு. அரச சேவையில் உள்ள தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள்கள் பிரசவ விடுமுறை உண்டு. வேண்டுமாயின் அரைச் சம்பளத்துடனும், சம்பளமின்றியும் மேலும் நீட்டலாம். தந்தைக்கு உள்ளதோ மூன்று நாள். குழந்தை வளர்ப்பை எவர் தலையிற் சுமத்தியிருக்கின்றோம் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். விடுமுறை முடிந்து வருபவள் காலையிற் சமைத்து, பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டு, பத்துமணி விரிவுரைக்கு ஓடுகின்றாள். மாலையிலே கூட்டம் நடக்கும்போது அவள் மணிக்கூட்டைப் பார்க்கின்றாள். இரவு பிள்ளை உறங்கியபின் கட்டுரை எழுத அமர்கின்றாள். அதே திணைக்களத்தில் அதே ஆண்டு சேர்ந்த ஆண் நண்பருக்கு அந்த மாலையும் இரவும் முழுதாகக் கிடைக்கின்றன. பத்து ஆண்டு கழித்து இருவரின் கட்டுரைகளையும் எண்ணிவிட்டு, திறமை போதாது என்று தீர்ப்புக் கூறுவது நீதியாகுமா?

கூட்டங்களிலும் ஒரு பழக்கம் உண்டு. குறிப்பெழுதுவது, விழாவுக்குக் கோலம் போடுவது, விருந்தினருக்குத் தேநீர் ஏற்பாடு செய்வது, மாணவியரின் மனக்குறை கேட்பது ஆகியன பெண் விரிவுரையாளரிடம் வந்து சேரும். இவையெல்லாம் வேண்டிய வேலைகளே. பதவி உயர்வு மதிப்பீட்டில் இவற்றுக்குப் புள்ளி மிகக் குறைவு. மேலதிகாரியின் தகாத நடத்தையைச் சகித்துக்கொண்டு வாய்மூடி இருந்த பெண்களும் உளர். பாலியற் தொல்லை 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தால் நம் நாட்டிற் குற்றமாக்கப்பட்டுள்ளது. சட்டம் இருந்தும், முறையிட்டவளையே ஊர் பழிக்குமாயின் அச்சட்டத்தால் யாது பயன்?

நம் மண்ணின் சான்றுகள்

இத்தனையும் கடந்து நின்றோரும் உளர். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்து மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அதன் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் கலாநிதி ரஜனி திராணகம. இங்கிலாந்திற் கலாநிதிப் பட்டம் பெற்றபின், போர் நடந்துகொண்டிருந்த ஊருக்கே திரும்பி வந்து கற்பித்தார். இரு பெண் குழந்தைகளின் தாய். தாம் கண்ட கொடுமைகளை எந்தத் தரப்பு என்று பாராது பதிவு செய்தார். 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள் சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. கற்பித்தலும் உண்மை கூறலும் வேறு வேறல்ல என்று வாழ்ந்த ஓர் ஆசிரியையை நம் மண் இழந்தது.

போர்க் காலத்திலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரிது. போத்தல் விளக்கு வெளிச்சத்திற் படித்த பெண்களே இன்று பல துறைகளில் விரிவுரையாளர்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது புத்தகங்களைத் தலையிற் சுமந்து போனோரும் அவர்களுள் உளர். அக்கல்விக் கழகத்துக்கே 2011இல் முதற் பெண் துணைவேந்தராகப் பேராசிரியை வசந்தி அரசரத்தினம் வந்தார், உயிரிரசாயனவியல் அறிஞர். நாட்டிலேயே முதன்முதல் ஒரு பெண் துணைவேந்தரானது 1999இல். கொழும்புப் பல்கலைக் கழகத்துச் சட்டப் பேராசிரியை சாவித்திரி குணசேகரா அவர். 1942இல் முதற் பல்கலைக் கழகம் தோன்றியதிலிருந்து எண்ணினால் 57 ஆண்டுகள். திறந்த பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த கலாநிதி ஹரிணி அமரசூரிய 2024இல் நாட்டின் பிரதமரானார்.

பல்கலைக் கழகத்துக்கு வெளியே நின்று கற்பித்த ஒருவரையும் இங்கு நினைத்தல் தகும். தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலை வளர்த்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925-2008) பாடசாலை ஆசிரியை, பண்டிதை. ஆண்களே பெரும்பாலும் பேசிய சைவ மேடைகளிலே எழுந்து சொற்பொழிவாற்றினார். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்து அவரைப் போற்றியது. பெண்ணின் தலைமையிற் கோயிற் காரியம் நடவாது என்போர்க்கு அவர் வாழ்வே விடை.

ஐயங்கள் இரண்டு

பெரியோர் சிலர் இரண்டு ஐயங்களை எழுப்புவர். தாயின் கவனம் குறைந்தாற் பிள்ளைகள் கெடாவோ என்பது முதலாவது. பிள்ளைக்குக் கவனம் வேண்டும், அதில் ஐயமில்லை. அக்கவனத்தைத் தந்தையும் கொடுக்கலாம் என்பதே நம் விடை. அடுப்பங்கரைக்குள் நுழையும் ஆணின் மதிப்புக் குறையாது. அடியார்க்கு அமுது படைத்த நாயன்மார் இல்லங்களிலே கணவனும் மனைவியும் சேர்ந்தே தொண்டு செய்தனர் என்று நாம் படித்திருக்கின்றோம்.

இரண்டாவது, பல்கலைக் கழகங்களிற் பெண்கள் பெருகப் பெருக ஆண் பிள்ளைகள் பின்தங்குகின்றனரே என்பது. இது மெய்யான கவலை. படிப்பை இடையில் விட்டு வெளிநாடு போகக் காத்திருக்கும் தம்பிமாரை நாமும் காண்கின்றோம். அவர்களைப் படிப்பிற்குத் திருப்புவது சங்கத்தின் கடமை. தமக்கையைப் படியிலிருந்து இறக்குவதால் தம்பி ஏறிவிடப் போவதில்லை.

நாம் செய்யத் தக்கவை

இறுதியாக, நம்மால் ஆவன சிலவற்றைக் கூறி அமைவோம்.

இளைஞர்களே, உங்களிற் பலர் நாளை மணமகன்மார். உங்களைவிடக் கூடப் படித்த பெண்ணை மணக்க நாணாதீர்கள். அவள் படிப்பைக் காரணமாகக் காட்டி உங்கள் பெற்றோர் சீதனம் கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். மனைவி ஆராய்ச்சிக்கு வெளியூர் சென்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பழகுங்கள்.

யுவதிகளே, அழைப்புக் கடிதம் வந்தால் அதை மேசை அறைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். வீட்டில் எடுத்துப் பேசுங்கள். முன்னே ஏறியவரிடம் வழி கேளுங்கள். பின்னே வருபவளுக்குக் கை கொடுங்கள். எல்லோரும் பேராசிரியராக வேண்டும் என்று நாம் கூறவில்லை. விரும்புபவள் நடுவழியில் திரும்பும்படி நேரலாகாது என்பதே நம் வேண்டுகோள்.

பெரியோர்களே, கற்கை விடுமுறைப் பிணைப் பத்திரத்துக்குக் கையொப்பமிட ஆளின்றி அலையும் பெண்ணுக்கு ஒரு மாமனாக, ஒரு பெரியப்பாவாக முன்வாருங்கள். மகனுக்கு இடாத நிபந்தனையை மகளுக்கு இடாதீர்கள். பேத்தியைச் சில மணி நேரம் மடியில் வைத்திருக்கும் பாட்டனும் ஓர் ஆராய்ச்சிக்கு உதவியவரே.

நம் சங்கமும் தன் வீட்டைச் சீர்செய்ய வேண்டும். விழா மேடையிற் குத்துவிளக்கு ஏற்றப் பெண்ணை அழைக்கின்றோம். சிறப்புரைக்கு ஆணை அழைக்கின்றோம். இனிச் சிறப்புரைக்கும் நம் பெண் விரிவுரையாளர்களை அழைப்போம். நிருவாக சபையிலே உறுப்பினராக மட்டுமன்றித் தலைவராகவும் பொருளாளராகவும் அவர்களைத் தெரிவு செய்வோம். சங்க வாசிகசாலையைப் பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்து படிக்கும் நேரங்களிலும் திறந்து வைப்போம். மேற்படிப்புக்குச் செல்லும் மாணவிக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு உதவித்தொகையாவது ஒதுக்குவோம். இவற்றிற் பலவற்றுக்குப் பணமும் வேண்டியதில்லை, மனமே வேண்டும்.

சரசுவதியைக் கல்வித் தெய்வமாக வைத்து நவராத்திரியில் ஏடு அடுக்கி வணங்கும் சமூகம் நாம். அவ்வணக்கம் பத்தாம் நாளோடு முடிந்துவிடாமல், நம் பெண் மக்கள் கற்கும் இடத்திலும் கற்பிக்கும் இடத்திலும் தொடர்வதாக.